அம்மா சொல்லாத பெயர்

மேலே வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும், நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையும். கீழே வீட்டில் போடும் பழைய ஜோகிங் காற்சட்டை. மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரியாகப் போவதற்கான பயிற்சியை நான் இந்தக் கோலத்தில்தான் தொடங்கினேன். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சின்ன வயதிலிருந்து நான் படுத்தெழும்பிய அறையில், லாப்டாப்புக்கு முன்னால். திரையில் என்னைப் போலவே வெள்ளைச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு முகங்கள். அவர்களும் கீழே என்ன போட்டிருந்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பயிற்சியின் முதல் பகுதி வீட்டிலிருந்தபடியே இணையத்தில் நடக்கும். அது முடிந்ததும் இங்கிலாந்தில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்குப் போகவேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருட ஊழியம். சிலருக்கு பிரேசில் விழும், சிலருக்கு கானா விழும். எனக்கு விழுந்தது லைப்சிக். ஒரு காலத்தில் அந்த ஊரிலிருந்து பாதிரிமார் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சபை வளர்த்தார்கள். இப்போது தமிழன் ஒருவன் அங்கே போய்க் கதவு தட்டப்போகிறான் என்று நினைத்து நான் தனியே சிரித்திருக்கிறேன். வீட்டிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய ஊர்தான். ஆனால் மிஷனரி இடையில் வீட்டுக்கு வருவதில்லை. கிழமைக்கு ஒருமுறை ரெலிபோனில் கதைக்கலாம், அவ்வளவுதான்.

சுவருக்கு மறுபக்கம் அப்பா படுத்திருந்தார். உலோகம் தீட்டும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து, அந்தத் தூளெல்லாவற்றையும் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார். நுரையீரல் தடித்துக்கொண்டு போகிறது, இனி அது திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் இயந்திரம். அது ராப்பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். முதல் நாள் வகுப்பிலேயே ஒருத்தன், "உன் வீட்டில் யாரோ வெகுநேரமாக வாஷிங் மெஷின் போடுகிறார்கள்" என்றான். நான் என் பக்கத்து மைக்கை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு நான் பேசவேண்டி வரும்போது மட்டும்தான் திறந்தேன்.

எப்படி இதற்குள் போய் விழுந்தாய் என்று எங்கள் ஆட்கள் கேட்காத நாளில்லை. பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. எலக்ட்ரிஷியன் வேலைக்கு Ausbildung என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்த காலத்தில் டிராம் நிறுத்தத்தில் இரண்டு மிஷனரிகள் மறித்தார்கள். கடவுள் இருந்தால் ஏன் எங்கள் சனம் யுத்தத்தில் அப்படிச் செத்தது என்று கேட்டேன். ஓடிவிடுவார்கள் என்றுதான் கேட்டேன். அவர்கள் ஓடவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை நின்றார்கள். இரண்டு டிராம் போனது, நின்றார்கள். என் வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பாடசாலையிலும் என்னிடம் கேள்வி கேட்டவர்கள் இருக்கிறார்கள். பதிலுக்காக நின்றவர்கள் இல்லை. அதுதான் நடந்தது. அடுத்த வருடம் ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா வரவில்லை. அம்மா வந்து கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விமானத்துக்குக் காத்திருப்பவர்போல இருந்தா.

இனிப் பெயர்க் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரைத்தான் சேர்த்துக்கொள்வோம். ஜெர்மனிக்காரனுக்கு அது விளங்காது. அவனுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அதனால் அப்பாவின் பெயர் எனக்கும் அம்மாவுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. அப்பாவுக்கோ அவருடைய அப்பாவின் பெயர். வேலையிடத்தில் எல்லாரும் அவரைத் தாத்தாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கூட்டாளிமார் பாதிப் பேர் ஊரில் செத்துப்போனார்கள், மீதிப் பேர் கனடாவில். எனவே இந்த நாட்டில் அவருடைய பெயர் உரத்துக் கேட்டதெல்லாம் என்னைக் கூப்பிடும்போதுதான். நான் முதலாம் வகுப்புக்குப் போன அன்று ஆசிரியை அந்தப் பெயரைச் சொல்லி என்னை மேடைக்கு அழைத்தா. நான், இங்கே முதல் நாள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்பு நிறைந்த கடதாசிக் கூம்பைக் கட்டிப்பிடித்தபடி திருதிருவென்று விழித்தேன். பின்வரிசையிலிருந்து அப்பா எழும்பி, "ஓம்!" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்ததை நான் அதிகம் கண்டதில்லை.

அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. புருசனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவவுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அப்பாவைக் கூப்பிடுவதென்றால் "இஞ்சாருங்கோ", மற்றவர்களிடம் சொல்வதென்றால் "தம்பியின்ர அப்பா". ஊரில் அது பிரச்சினையில்லை. இங்கே அது அவவுடைய சொந்தப் பெயரின் பின்பாதி. டொக்டரிடம் போனால் பெயர் என்ன என்று கேட்பார்கள்; அம்மா வாய் திறக்காமல் காப்புறுதி அட்டையை நீட்டுவா. ஜெர்மனும் ஆங்கிலமும் தெரிந்த அம்மாவை, பாவம், பாஷை தெரியாத மனிசி என்று நினைத்து அவர்கள் சைகையில் கதைக்கத் தொடங்குவார்கள். எனக்கு மானம் போகும். அப்பாவை முதன்முதல் அம்புலன்ஸில் ஏற்றிய அன்றைக்கும் அதுதான். நோயாளியின் பெயர் என்ன என்று வந்தவன் அவசரத்தில் கத்தினான். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அம்மா அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினா. நான் பின்னால் நின்று, "சொல்லித் துலையுங்கோவன் அம்மா!" என்று கத்தினேன். அவ சொல்லவில்லை.

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவின் பிள்ளைதானே.

மிஷனரிகளை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆணென்றால் 'எல்டர்' என்ற பட்டமும் குடும்பப் பெயரும். எல்டர் என்றால் மூப்பர். பத்தொன்பது வயதில், மீசை ஒழுங்காக முளைக்காத மூப்பர். பெயர்ப்பட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது: எல்டர், அதற்குப் பிறகு அப்பாவின் பெயர். அதற்குக் கீழே சபையின் பெயர்; அதில் இயேசு கிறிஸ்துவின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில். அப்பாவின் பெயர் சிவனுடையது. பட்டையை முதல்முதல் பார்த்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மேல எங்கட சுவாமி, கீழ உங்கட சுவாமி" என்றார். "ரெண்டு பேரையும் ஒரு பிளாஸ்டிக்கில ஏத்தியிருக்கிறியள். போறதெண்டால் போ. நான் மறிக்கேல்ல. என்ர பேரை இஞ்ச வச்சிட்டுப் போ."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது குறைவு. பேசினாலும் அது ஒன்றுதான். பேரை வச்சிட்டுப் போ. சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனால், பேரை வச்சிட்டுப் போ. குழாயைச் சரிசெய்யப் போனால், பேரை வச்சிட்டுப் போ.

எனக்கு அவரிடமிருந்து வேண்டியிருந்ததும் ஒன்றுதான். எங்கள் ஆட்கள் வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்போம். வீட்டில் நிற்பவர், 'ஓம், போட்டு வா' என்று சொல்லவேண்டும். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கடல் கடந்து போனாலும் அப்படித்தான். அப்பா வாயால் அந்த 'போட்டு வா'வைக் கேட்காமல் படியிறங்க எனக்கு மனம் இல்லை. இரண்டு வருடம் அவர் தாங்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் அது வேண்டியிருந்தது.

பட்டையில் என் சொந்தப் பெயரைப் போடமுடியுமா என்று எங்கள் சபையின் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் பஸ் திருத்தும் மனிதர், நகக்கண்ணில் எப்போதும் கிறீஸ் கறுப்பு இருக்கும். பாஸ்போட்டில் உள்ள குடும்பப் பெயர்தான், உலகம் முழுக்க அப்படித்தான் என்றார். ஏன் கேட்கிறாய் என்றும் விசாரித்தார். சொன்னேன். அவர் கண் கலங்கிப்போய், "எவ்வளவு அழகான வழக்கம்! அப்பாவை நெஞ்சிலேயே கொண்டுபோகிறாய்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம்போல இருந்தது.

பயிற்சிக் கிழமை தொடங்கியதும் விதிகளும் தொடங்கின. பாட்டு இல்லை, படம் இல்லை, போனை நோண்டக்கூடாது. தனியே வெளியே போகக்கூடாது, எப்போதும் கூட ஒருவர் இருக்கவேண்டும். திரையில் எனக்குக் கிடைத்த கூட்டாளி சுவிஸ்காரன், மாடு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளை. அவன் பேர்ன் பக்கத்து மலையில் இருந்தான். அவனை எப்படி மருந்துக்கடைக்குக் கூட்டிப்போவது? எனவே அம்மாதான் துணைக்கு வந்தா. அப்பாவின் மருந்தை வாங்கப் போகும்போது நான் கழுத்துப்பட்டியோடு முன்னால், அம்மா குளிர்ச் சட்டையோடு பின்னால். வழியில் கண்ட தமிழ் ஆட்கள் எனக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். அம்மாவும் அதை மறுக்கவில்லை.

காலையிலிருந்து பின்னேரம் வரை வகுப்பில் அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்டர் இன்னார் ஜெபம் சொல்வாரா, எல்டர் இன்னார் வாசிப்பாரா. முதல் நாள் அம்மா குசினியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. தான் ஒருநாளும் சொல்லாத பெயரை ஊர்பேர் தெரியாத பொடியன்கள் ஏலம் போடுகிறார்களே என்று. இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், "கொஞ்சம் மெல்லக் கூப்பிடச் சொல்லு தம்பி, அவருக்குக் கேக்குது" என்றா. அன்றிலிருந்து நான் காதுக்கருவி மாட்டிக்கொண்டேன்.

எங்களுக்குத் தந்த பாடங்களில் முக்கியமானது குடும்பம் பற்றியது. குடும்பங்கள் சாவுக்கு அப்பாலும் என்றைக்கும் ஒன்றாக இருக்கலாம் என்பது சபையின் நம்பிக்கை. அதை அந்நியர் வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று ஒருவருக்கொருவர் நடித்துப் பழகவேண்டும். சுவிஸ்காரன் மனைவியை இழந்த கிழவனாக நடித்தான், நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். "நீங்கள் நேசிக்கிறவர்களோடு என்றென்றைக்கும் இருக்கலாம்" என்று ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் அப்பாவின் குரல், அம்மாவிடம், ஆனால் எனக்குக் கேட்கவேண்டுமென்றே.

"இஞ்சேரும், கேட்டனீரே? என்றைக்கும் ஒண்டா இருக்கலாமாம். அதைச் சொல்லத்தான் எங்களை விட்டிட்டுப் போறானாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் இன்னும் கூட வந்தது.

அடுத்த நாள் ஒட்சிசன் போத்தல் கொண்டுவந்தவன் கீழே மணி அடித்தான். முதுகு பிடித்துவிட்டதாம், மூன்று மாடி தூக்க ஏலாதாம். நான் காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். போத்தலைத் தோளில் வைத்து மேலே வந்தபோது என் அறைக் கதவு திறந்திருந்தது. என் கதிரையில் அப்பா இருந்தார். சாரமும் கம்பளிச் சட்டையும், மூக்கில் குழாய். அந்தக் குழாய் நடைபாதை நீளத்துக்கு இழுபட்டு, அவருடைய அறைக்குள் போயிருந்தது. கட்டிலிலிருந்து தனியே எழும்பிப் பல நாளாகியிருந்த மனிதர். திரையில் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். நான் காதுக்கருவியை இழுத்ததில் லாப்டாப்பின் ஒலி வெளியே வந்திருக்கிறது, மைக்கையும் மூட மறந்திருக்கிறேன். வகுப்பு எடுத்தவள் எங்களைவிட ஓரிரு வயது மூத்தவள், தன் ஊழியத்தை முடித்துவிட்டு வந்தவள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா எழும்பி வந்துவிட்டார்.

"அது என்ர பேர்" என்று அவர் தனக்குத் தெரிந்த தொழிற்சாலை ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார். "மகன் கீழ. வருவான்."

"உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றாள் அவள்.

அப்பா மூச்செடுத்துக்கொண்டார். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். அவளும் பொறுத்திருந்தாள். டிராம் நிறுத்தத்தில் என்னிடம் நின்றவர்களைப்போலவே.

"நான் செத்தால் இவன் வருவானோ?"

பட்டை வருவதற்கு முன்னால் அதே கேள்வியை அவர் என்னிடம் கிழமைக்கணக்காகக் கேட்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் "பாப்பம் அப்பா" என்றுதான் சொல்லியிருந்தேன்.

"போவதென்றால் யாரும் மறிக்கமாட்டார்கள்" என்றாள். "ஆனால் பெரும்பாலும் போவதில்லை. நின்று ஊழியத்தை முடிப்பதைத்தான் விரும்புவார்கள். என் அம்மம்மா செத்தபோது நானும் போகவில்லை."

"நன்றி" என்றார் அப்பா. மேசையைப் பிடித்து எழும்பினார். போத்தலோடு வாசலில் நின்ற என்னைக் கண்டார்.

"அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்ல" என்றார். "உன்னைப்போல இல்லை."

அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். கை எலும்பாக இருந்தது. பெயரைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. இளகிவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தா. அவருக்குப் பிடித்த ஒடியல் கூழ் காய்ச்சினா. இரண்டு கரண்டி குடித்தார்.

வெளிக்கிட்ட அன்று டோர்ட்முண்டிலிருந்து பெரியப்பாவின் மகன் காரோடு வந்து கீழே நின்றார், என்னை டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக. நான் முழு உடுப்போடு அப்பாவின் அறைக்குள் போனேன். இந்த முறை கீழேயும் ஒழுங்கான காற்சட்டை. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைத்தான் பார்த்தார்.

"கழட்டேல்லையோ?"

"ஏலாது அப்பா. பாஸ்போட்டிலயும் அதுதானே."

"கொள்ளி வைக்கக் கீழ நிக்கிற பெறாமகன் இருக்கிறான்" என்றார். "அதுக்கு நீ யோசிக்காதை. பேரை மட்டும் வச்சிட்டுப் போ எண்டுதானே கேட்டனான்."

பட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருக்கலாம். கார் ஏறியதும் திரும்பக் குத்தியிருக்கலாம். அவரை அப்படி ஏமாற்ற எனக்கு ஏலவில்லை, அவ்வளவுதான். கட்டிலடியில் நின்று, "போட்டு வாறன் அப்பா" என்றேன்.

இயந்திரம் உறுமியது. அப்பா இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ" என்றா அம்மா வாசலில் நின்று. "ஓம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். பிள்ளை நிக்கிறான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை இல்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது. கீழே கார் ஹோர்ன் அடித்தது. கடைசியில் அம்மாதான், "போட்டு வா அப்பன்" என்றா. நான் படியிறங்கினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மேலே காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

இங்கிலாந்துப் பயிற்சி நிலையத்தில் புல்வெளி அழகாக இருந்தது, சாப்பாடு அதிகமாக இருந்தது. யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் விடிந்தால் பொழுதுபட்டால் அந்தப் பெயர்தான். உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டாலும் அப்பாவின் பெயர், பந்தைப் போடு என்று கத்தினாலும் அப்பாவின் பெயர். என் சொந்தப் பெயரைச் சுவிஸ்காரன் ஒருமுறை கேட்டான், கேட்டு மறந்துவிட்டான். வேண்டாம் என்று அப்பா கெஞ்சிக் கேட்ட இடத்திலேயே அவருடைய பெயர் ஒரு நாளைக்கு நூறு தரம் ஒலித்தது. ஒவ்வொரு தரமும் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவோடு முதல் ரெலிபோன் கதை ஞாயிறு கழிந்து திங்களன்று என்று இருந்தது. அன்றைக்கு எப்படியாவது 'போட்டு வா'வை வாங்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவசரம் என்றால் அழைக்கச் சொல்லி நிலையத்தின் இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். எங்கள் போன்கள் வகுப்பு நேரத்தில் அறையில்தான் கிடக்கும்.

ஒரு முற்பகல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வரவேற்பு மேசையில் இருக்கும் வயதான ஆங்கிலேயர் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். வீட்டிலிருந்து ரெலிபோன், உன் அம்மா என்றார். அவரோடு நடைபாதையில் நடந்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அம்மா முதலில் வேறு ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். உன் முதற்பெயராக இருக்கவேண்டும். எங்களிடம் குடும்பப் பெயர்தான் இருக்கிறது. அதனால் குடும்பப் பெயரைக் கேட்டேன். சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பவும் கேட்டேன். நல்ல ஆங்கிலம் பேசுகிறார், விளங்காமல் இல்லை. ஏன் என்று தெரியவில்லை, வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்."

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் என் நெஞ்சில் இருந்ததை விரலால் காட்டினார். "இதைத்தான். மிகத் தெளிவாகச் சொன்னார். இத்தனை நாளும் நாங்கள் பிழையாகத்தான் உச்சரித்திருக்கிறோம்."

மேசையில் ரெலிபோன் லைனை வெட்டாமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் உறுமும் இயந்திரத்தின் சத்தம் இல்லை.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

"எப்ப, அம்மா?" என்றேன்.